ஈ பிறக்கும் இடமும் தின்னும் விதமும்

கேள்வி: தரையை எவ்வளவு துடைத்தாலும் ஈத்தொல்லை குறையவில்லை. இவை எங்கிருந்து வருகின்றன? சோற்றின் மேல் உட்கார்ந்து என்னதான் செய்கின்றன?

பதில்: ஈக்கள் பிறப்பது தரையில் அல்ல, சாணக் குவியலிலும் அழுகும் குப்பையிலும்தான். பெண் ஈ ஒரு தடவைக்கு 75 முதல் 150 முட்டைகள் வரை அங்கே இடும். கோடையில் ஒரே நாளில் அவை பொரிந்து, காலில்லாத வெள்ளைப் புழுக்கள் வெளிவரும். அழுகலைத் தின்று ஐந்தாறு நாளில் வளர்ந்த புழு, ஈரமற்ற மண்ணைத் தேடிப் போய்ப் பழுப்பு நிறக் கூட்டுக்குள் அடங்கும். மேலும் நான்கைந்து நாளில் முழு ஈ வெளிப்படும். அதன்பின் அது வளர்வதில்லை. ஆகவே சிறிய ஈ எதுவும் குட்டி ஈ அல்ல.

ஈக்குப் பல் இல்லை, கடிக்கவும் தெரியாது. காலால் சுவையறிந்து, பஞ்சு போன்ற வாயுறுப்பால் நீர்மத்தை மட்டுமே உறிஞ்சும். சர்க்கரை போன்ற கெட்டிப் பொருளானால் உமிழ்நீரையும், முன்பு விழுங்கியதையும் அதன்மேல் கக்கிக் கரைத்த பிறகே குடிக்கும். மலத்தில் உட்கார்ந்த ஈ வயிற்றுப்போக்குக் கிருமிகளைச் சோற்றில் சேர்ப்பது இப்படித்தான். காலில் ஒட்டிய அழுக்கும் உடன் சேரும். உணவுக்கு மூடி அவசியம்.

குப்பையையும் சாணத்தையும் வாரத்துக்கு இரண்டு முறை அப்புறப்படுத்தினால், புழு கூட்டுக்குள் போகும் முன்பே ஈயின் பெருக்கம் தடைபடும். குப்பைத்தொட்டியின் அடியில் தேங்கும் கசிவையும் கழுவிக் காயவைக்க வேண்டும். புழு வளர அந்த ஈரமே போதும்.