வழிநூல் மரபும் பாடக்குறிப்புத் திருத்தமும்: பெரம்பலூர், அரியலூர் வட்டாரத்தை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

ஒரே பாடத்தை ஆண்டுதோறும் நடத்தும் தமிழாசிரியர், சென்ற ஆண்டின் பாடக்குறிப்பை அப்படியே படியெடுப்பதா, விலக்கிவிட்டுப் புதிதாக எழுதுவதா என்னும் வினாவை எதிர்கொள்கிறார். இவ்விரண்டும் குறையுடையவை என்பதையும், தமிழ் இலக்கண நூல்கள் கூறும் வழிநூல் இலக்கணம் இவற்றினும் சிறந்த நெறியொன்றைத் தருகிறது என்பதையும் இக்கட்டுரை நிறுவ முயல்கிறது. பெரம்பலூர், அரியலூர் வட்டாரத்திலிருந்து சான்றுகள் எடுத்துக்கொள்ளப்பட்டுள்ளன.

திறவுச்சொற்கள்: பாடக்குறிப்பு, வழிநூல், நன்னூல், மரபியல், அசை, சீர், உ.வே.சாமிநாதையர்.

முன்னுரை

பாடக்குறிப்பு பெரும்பாலும் அலுவலகப் பதிவேடாகவே கருதப்படுகிறது. தலைமையாசிரியரின் கையொப்பம் பெற்றபின் அதன் பயன் முடிந்துவிடுகிறது. அதனால் மறு ஆண்டில் அது எழுத்து மாறாமல் படியெடுக்கப்படுகிறது. அல்லது ஆசிரியர் பணிமாறுதல் பெறும்போது அவருடனேயே சென்றுவிடுகிறது. முதல் நிலையில் பழைய பிழைகள் நிலைபெறுகின்றன. இரண்டாம் நிலையில், மாணவர் எங்கே இடர்ப்பட்டனர் என்று ஓராண்டு முழுதும் கண்டறிந்த செய்தி அழிந்து, அடுத்து வரும் மாணவர் அதே இடத்தில் மீண்டும் இடர்ப்படுகின்றனர். இவ்விழப்பைத் தவிர்க்கும் நெறி தமிழ் மரபிலேயே உள்ளதா என்பதே இங்கு ஆராயப்படும் சிக்கலாகும்.

வழிநூல் இலக்கணம்

நூலை முதல், வழி, சார்பு என மூவகைப்படுத்தும் நன்னூல், வழிநூலுக்கு மூன்று இயல்புகளைக் கூறுகிறது. அது முன்னோர் நூலின் முடிபோடு ஒத்திருக்கும். பின்னோன் வேண்டும் விகற்பங்களைச் சொல்லும். மரபு அழியாமல் அமையும். இவ்விலக்கணத்தைப் பாடக்குறிப்புக்குப் பொருத்தினால், சென்ற ஆண்டுக் குறிப்பு முதல்நூலின் இடத்தையும் இவ்வாண்டுக் குறிப்பு வழிநூலின் இடத்தையும் பெறும். ஆகவே, திருத்தத்தில் இறங்குமுன் ஒரு பாடத்தில் முடிபு எது, விகற்பத்திற்கு உரியது எது எனப் பிரித்தறிதல் வேண்டும்.

கங்கைகொண்ட சோழபுரம் பற்றிய பாடத்தை இதற்குச் சான்றாகக் கொள்ளலாம். அது முதலாம் இராசேந்திரனின் தலைநகர் என்பது முடிபு. அவ்வூர் எந்த மாவட்டத்தில் உள்ளது என்னும் தொடரோ மாறிவந்துள்ளது. 1995இல் பெரம்பலூர் மாவட்டம் உருவாகும் வரை அது திருச்சிராப்பள்ளி மாவட்டத்தில் இருந்தது. 2001இல் அரியலூர் தனி மாவட்டமாகி, 2002இல் மீண்டும் பெரம்பலூருடன் இணைக்கப்பட்டு, 2007இல் மறுபடியும் தனி மாவட்டமாயிற்று. பன்னிரண்டு ஆண்டுகளுள் அவ்வொரு தொடரை நான்கு முறை திருத்த வேண்டியிருந்தது. படியெடுத்த குறிப்பு இங்குப் பிழைபடும். எனினும் இதன்பொருட்டு முழுக் குறிப்பையும் கைவிட வேண்டியதில்லை. 2018-19ஆம் கல்வியாண்டு முதல் புதிய பாடநூல்கள் வகுப்புவாரியாக அறிமுகமான போதும் நிலை இதுவே. பாடநூல் மாறினும் நேரசை, நிரையசையின் இலக்கணம் மாறவில்லை.

நால்வகைத் திருத்தம்

தொல்காப்பிய மரபியல் வழிநூலைத் தொகுத்தல், விரித்தல், தொகைவிரி, மொழிபெயர்ப்பு என நான்காகப் பகுக்கிறது. இவை திருத்தத்தின் வகைகளாகவும் அமையத்தக்கவை. உ.வே.சாமிநாதையர் (1855-1942) இளமையில் இவ்வட்டாரத்தில் அரியலூரிலும் குன்னத்திலும் வாழ்ந்தவர். யாப்பருங்கலக்காரிகையைச் செங்கணம் விருத்தாசல ரெட்டியாரிடம் பாடங்கேட்டவர். அவ்வூர் இன்று செங்குணம் என வழங்குகிறது. ஆதலின் யாப்புப் பாடத்தையே சான்றாகக் கொண்டு இந்நான்கும் விளக்கப்படுகின்றன.

மொழிபெயர்ப்பு என்பது பிறமொழி நூலைத் தமிழில் யாத்தலைக் குறிக்கும். இங்கு, பாடநூல் வழக்கை மாணவர் அறிந்த வழக்குக்குப் பெயர்த்தல் எனப் பொருள் விரித்துக் கொள்ளப்படுகிறது. ஈரசைச்சீர் நான்கிற்கும் வாய்பாட்டை மட்டும் மனனம் செய்விப்பதற்கு மாறாக, ஊர்ப்பெயர்களைக் காட்டலாம். குன்னம் (குன்/னம்) நேர்நேர் ஆதலின் தேமா. வரகூர் (வர/கூர்) நிரைநேர் ஆதலின் புளிமா. அரியலூர் (அரி/யலூர்) நிரைநிரை ஆதலின் கருவிளம். செங்குணம் (செங்/குணம்) நேர்நிரை ஆதலின் கூவிளம்.

விரித்தல் என்பது மாணவர் இடர்ப்பட்ட இடத்தை விளக்குதல். அரியலூர் என்பதை அரி/ய/லூர் எனப் பிரித்துப் புளிமாங்காய் எனக் கூறும் பிழைக்கு இடமுண்டு. தனிக்குறில் நேரசையாகும் என்பதை மட்டும் அறிந்த மாணவர், குறிலை அடுத்து நெடில் வரின் இரண்டும் இணைந்து நிரையாகும் என்பதை மறப்பதே இதற்குக் காரணம். இப்பிழை வகுப்பில் தோன்றின், அடுத்த ஆண்டுக் குறிப்பில் நிரையசையின் நால்வகையும் தனித்தனியே விரிக்கப்பட வேண்டும். பெரம்பலூர், அரியலூர் என்னும் இரு பெயர்களிலேயே குறிலிணை, குறிலிணை ஒற்று, குறில்நெடில் ஒற்று ஆகிய மூன்றும் அமைந்துள்ளன. எஞ்சிய குறில்நெடிலுக்கு ‘விழா’ என்னும் சொல் போதும்.

தொகுத்தல், மாணவர் எளிதில் உணர்ந்துகொண்ட பகுதியைச் சுருக்குதல். தொகைவிரி, அவ்வாறு மிஞ்சிய நேரத்தை விரிக்க வேண்டிய பகுதிக்கு அளித்தல். பாடவேளையின் அளவு கூடாது. ஆதலின் தொகுக்காமல் விரிப்பது நடைமுறையில் இயலாது.

கொள்வகை அறிதல்

இத்திருத்தங்களுக்கு அடிப்படை எங்கிருந்து கிடைக்கும்? பாடஞ்சொல்லும் முறையைக் கூறுமிடத்து நன்னூல், சொல்லும் பொருளை முன்னரே உள்ளத்தில் அமைத்துக்கொள்ளுதலையும், மாணவன் கொள்ளும் வகையை அறிதலையும் வலியுறுத்துகிறது. முன்னது பாடக்குறிப்பு, பின்னது பாடம் நடந்தபின் அதன் ஓரத்தில் எழுதப்பட வேண்டிய பதிவு எனலாம். மாணவர் தடுமாறிய இடம், பயன்பட்ட சான்று, நேரம் போதாத பகுதி ஆகிய மூன்றையும் பாடம் நடந்த அன்றே குறித்தால் அடுத்த ஆண்டின் திருத்தத்திற்கு அதுவே போதுமான கருவியாகும்.

ஆசான் உரைத்ததை நன்கு கொண்ட மாணவனும் புலமையில் காற்பங்கே பெறுகிறான். உடன் பயில்வோரால் காற்பங்கும், பிறருக்கு விரித்துரைப்பதால் அரைப்பங்கும் நிறைகின்றன என்பதும் நன்னூற் கருத்து. கற்பித்தலால் ஆசிரியரின் புலமையே வளர்கிறது எனின், அவ்வளர்ச்சி ஏறாத பாடக்குறிப்பு அவருடைய பழைய அறிவையே காட்டி நிற்கும். 1880இல் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியரான உ.வே.சா., 1887இல் பதிப்பித்த சீவகசிந்தாமணியை இருபது ஆண்டுகளுக்குப்பின் 1907இல் இரண்டாம் பதிப்பாக வெளியிட்டார். ஒரு நூலுக்கு மீண்டும் திரும்பி வருதல் புலமைக் குறைவன்று என்பதற்கு இது சான்று.

உடன் பயில்வோர் பங்கும் இங்குக் கருதத்தக்கது. ஜப்பானிய ஆசிரியர்களிடையே ஒரு பாடத்தைக் கூடித் திட்டமிட்டு, ஒருவர் நடத்த மற்றையோர் உற்றுநோக்கி, பின் அனைவரும் சேர்ந்து திருத்தும் வழக்கம் நெடுங்காலமாக உள்ளது. ஒரே பாடநூலைக் கையாளும் பெரம்பலூர், அரியலூர் மாவட்டத் தமிழாசிரியர்கள் ஓரப்பதிவுகளுடன் கூடிய குறிப்புகளைப் பகிர்ந்துகொள்வது இதனினும் எளிது. பணிமாறுதலால் நேரும் இழப்பையும் அது தடுக்கும்.

முடிவுரை

பாடக்குறிப்பைப் படியெடுத்தல் மரபைக் காப்பதாகத் தோன்றினும் விகற்பத்தை மறுக்கிறது. முற்றிலும் புதிதாக எழுதுதல் விகற்பத்தை ஏற்று மரபை இழக்கிறது. முடிபைக் காத்து, மாணவர் கொள்வகைக்கேற்பத் தொகுத்தும் விரித்தும் பெயர்த்தும் அமைக்கும் பாடக்குறிப்பே வழிநூல் இலக்கணத்திற்குப் பொருந்துவதாகும். ஆண்டிறுதியில் பழைய குறிப்பேடுகளை அகற்றாது, ஓரப்பதிவுகளுடன் அடுத்து வரும் ஆசிரியரிடம் ஒப்படைக்கும் வழக்கம் ஒவ்வொரு பள்ளியிலும் ஏற்பட வேண்டும் என்பது இவ்வாய்வின் பரிந்துரையாகும்.