குடிப்பவரை அறிந்து கலக்கு

அன்புள்ள தம்பிக்கு,

அலோர் ஸ்டாரில் தாயாரோடு குடியிருக்கும் நீ, காய்கனிகளை அரைத்து ஆரோக்கிய பானங்கள் செய்யும் பழக்கத்தை மிகுந்த சிரத்தையோடு தொடங்கியிருப்பதாகவும், அக்கம்பக்கத்தாரும் உன்னிடம் வந்து செய்முறை கேட்கத் தலைப்பட்டிருப்பதாகவும் எழுதியிருந்தாய். பெரிதும் மகிழ்ந்தேன். பிளெண்டரை வாங்கி வைத்துக்கொண்டு, எங்கே தொடங்குவது என்று அறியாமல் நிற்கும் இளையோர் பலருக்கும் பயன்படட்டும் என்று, உனக்குரிய பதிலைப் பகிரங்கமாகவே எழுதுகிறேன்.

நான் சொல்ல விரும்புவது ஒன்றே. ஒரு பானத்தின் குணம் அதில் விழும் பழத்தில் பாதியும், அதை ஏற்கும் சரீரத்தில் பாதியுமாக இருக்கிறது. ஆகையால் எதைக் கலப்பது என்று யோசிப்பதற்கு முன்னால், யாருக்காகக் கலக்கிறோம் என்று விசாரித்து அறிந்துகொள்வது இக்கலையின் முதல் நியமம்.

நம்மூர்ச் சந்தையில் கிடைக்கும் பெலிம்பிங் பழத்தை எடுத்துக்கொள். தமிழ்நாட்டார் அதை நட்சத்திரப்பழம் என்பர். நீர்ச்சத்து மிகுந்து, சர்க்கரை குறைந்து, வெயிலுக்கு இதமாக இருக்கும் அப்பழம், சிறுநீரகம் நன்கு இயங்குபவர் அளவோடு உண்டால் நன்மையே செய்யும். ஆனால், சிறுநீரகம் பழுதுற்றவருக்கு, விசேஷமாக டயாலிசிஸ் செய்துகொள்பவருக்கு, அதே பழத்தின் சாறு ஓயாத விக்கலில் தொடங்கி, சித்தத் தடுமாற்றமும் வலிப்புமாக முற்றி, சில சமயங்களில் உயிரையே பறித்துவிடுகிறது. அதிலுள்ள காரம்பாக்சின் என்னும் நரம்பு நஞ்சைப் பிரேசில் நாட்டு ஆராய்ச்சியாளர்கள் 2013 இல் பிரித்தறிந்து விளக்கினார்கள். நல்ல சிறுநீரகம் வெளியேற்றிவிடும் அந்த நஞ்சு, பழுதுற்ற சிறுநீரகம் உடையவரின் தேகத்தில் தங்கி மூளையைத் தாக்குகிறது.

இதை எங்கோ யாருக்கோ நேர்வதாக எண்ணி நாம் கடந்துபோக முடியாது. மலேசியாவில் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருப்பதாக 2019 ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வு கணக்கிட்டது. இனவாரியாகப் பார்க்குமிடத்து நம் இந்தியரிடையேதான் அது மிகுந்திருந்தது. இந்நாட்டில் டயாலிசிஸ் நிலையத்துக்குப் போகிறவர்களில் பெரும்பாலோரை அங்கே கொண்டு சேர்ப்பதும் இந்த நீரிழிவே. விடியுமுன் ரப்பர்த் தோட்டத்துப் பெரட்டுக்களத்தில் நின்று, பகல் ஏறும்வரை பால்மரம் சீவிய நம் முன்னோருக்கு டின்பால் ஊற்றிய இனிப்புத் தேநீர் உழைப்பில் கரைந்துபோயிற்று. சுங்கை பட்டாணியிலும் கூலிமிலும் நாற்காலியில் அமர்ந்து வேலை செய்யும் அவர்களுடைய பேரப்பிள்ளைகளுக்கு அந்த உழைப்பு போய், இனிப்பு மட்டும் எஞ்சியிருக்கிறது. சர்க்கரை மிகுந்த புட்டிப் பானங்களுக்கு லிட்டருக்கு 40 காசு வரியென்று அரசாங்கம் 2019 ஜூலை முதல் நாளில் விதித்தது. ஆனால் நம் அடுக்களைக்குள் நாமே கலந்துகொள்ளும் இனிப்புக்கு வரி விதிப்பார் யாருமில்லை. நம் விவேகமே அதற்குக் காவல்.

ஆகவே, காயை முதலாகவும் கனியைத் துணையாகவும் கொள். ஒரு வெள்ளரிக்காய், கைப்பிடி கீரை, பாதிக் கொய்யா, ஒரு துண்டு இஞ்சி, எலுமிச்சைச் சாறு, ஆறவைத்த கொதிநீர் ஒரு குவளை என்ற அளவில் இருவருக்குப் போதுமான பானம் அமையும். கீரையையும் நீரையும் முதலில் அரைத்துவிட்டுப் பிறகு மற்றவற்றைச் சேர்த்தால் திப்பி தட்டாது. அரைப்பதற்கு முன்பே கீரையைக் கொதிநீரில் ஒரு கொதி விட்டு அந்நீரைக் கொட்டிவிடு. கல்லடைப்புக்குக் காரணமாகும் ஆக்ஸலேட் அதனால் பெருமளவு குறையும். வடிகட்டாதே, நார்ச்சத்து வடிகட்டியிலேயே போய்விடும். கொய்யா 100 கிராமில் 200 மில்லிகிராமுக்கு மேல் வைட்டமின் சி இருப்பதால், ஆரஞ்சைத் தேடி அதிகப் பணம் செலவிட அவசியமில்லை. சர்க்கரைக்குப் பதிலாகத் தேன் விட்டால் தோஷமில்லை என்பார் சொல்லைக் கேளாதே: இரண்டு மேசைக்கரண்டித் தேனில் 30 கிராமுக்கு மேல் சர்க்கரை இருக்கிறது, உலக சுகாதார நிறுவனமோ ஒரு நாளைக்கு அத்தகைய சர்க்கரை 25 கிராமுக்குள் அடங்குவதே உத்தமம் என்கிறது.

பதார்த்தங்களின் சேர்க்கையிலும் நுட்பங்கள் உண்டு. அன்னாசியையும் பப்பாளியையும் பாலோடு அரைத்து வைத்தால், அவற்றிலுள்ள நொதிகள் பாலின் புரதத்தைச் சிதைத்துப் பானத்தைக் கசக்கச் செய்யும். அவற்றை நீரோடு அரைப்பதே முறை. திராட்சை, கொக்கோ, பெர்ரிப் பழங்கள் முதலியவற்றின் ஃபிளவனால் என்னும் சத்தை நாடுகிறவர் வாழைப்பழத்தை அவற்றோடு சேர்க்கலாகாது. வாழையில் உள்ள ஒரு நொதியின் காரணமாக அச்சத்து இரத்தத்தில் சேர்வது 84 விழுக்காடு குறைந்ததென்று கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தார் 2023 இல் கண்டார்கள். வாழை கீரையோடு சேரட்டும், அதில் குறையில்லை. முள்சீத்தாவைச் சேர்ப்பதாயின் விதை ஒன்றுகூட உள்ளே விழாமல் எடுத்துவிடு, அது நஞ்சு.

இரத்தம் உறையாதிருக்க வார்ஃபரின் உட்கொள்பவர் ஒரு நாள் கீரையைக் குவித்தும் மறுநாள் அறவே விட்டும் குடித்தால், கீரையின் வைட்டமின் கே காரணமாக மருந்தின் கணக்குத் தவறிப்போகும். அவர் வைத்தியரைக் கேட்டு ஒரே அளவைக் கைக்கொள்ள வேண்டும். சிறுநீரக நோயாளிக்கு வாழையும் கீரையும் பொட்டாசியத்தை ஏற்றிவிடும். பல்லும் செரிமானமும் நன்றாயிருப்பவருக்கோ, பானத்தைவிடப் பழத்தைக் கையில் கொடுப்பதே மேல். மென்று தின்ற ஆப்பிள், அதன் கூழையும் சாற்றையும் விடப் பசியை நன்கு அடக்கிற்று என்று பென்சில்வேனியா ஆராய்ச்சியொன்று 2009 இல் காட்டியது. மெல்ல இயலாத முதியவருக்கும், காய் என்றால் முகம் சுளிக்கும் குழந்தைக்கும், உடல்நலம் தேறிவரும் பலவீனருக்குமே உன் கைத்திறன் உண்மையான பிரயோஜனம் தரும்.

உன் தாயாருக்குச் சிறு குவளையாக, 150 மில்லிலிட்டர் கொடு. அரைத்த உடனே கொடு. உணவோடு சேர்த்து மெதுவாகக் குடிக்கட்டும். அவருக்கு நீரிழிவு இருக்குமாயின், இரண்டு மணி நேரம் கழித்து இரத்தச் சர்க்கரையை அளந்து, அன்று என்ன கலந்தாய் என்பதோடு சேர்த்து ஏட்டில் குறித்து வை. எந்தப் புத்தகமும் தராத பாடத்தை அந்த ஏடு சில வாரங்களில் உனக்குக் கற்றுத்தரும். இனி அக்கம்பக்கத்தார் செய்முறை கேட்டு வந்தால், அவர்கள் வீட்டில் யாருக்கு என்ன நோய், யார் எந்த மருந்து சாப்பிடுகிறார் என்று முதலில் பணிவோடு கேள். விடை தெரிந்த பின் செய்முறையைச் சொல்.

உன் நலம் நாடும்
மாமா