குழந்தைக்காக ஆன்டிஆக்ஸிடன்ட் மாத்திரையா? கொஞ்சம் பொறுங்கள்

1. முதலில் கணவன், மனைவி இருவரும் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். கருக்குழாய் அடைப்பை எந்த மாத்திரையும் திறக்காது. மனைவி 35 வயதைத் தாண்டிவிட்டால் ஆறு மாத முயற்சிக்குப் பிறகு காத்திருக்க வேண்டாம்.

2. ‘நிச்சயப் பலன்’ என்றால் நம்பாதீர்கள். அமெரிக்காவில் 2,370 தம்பதிகளிடம் நடத்தி 2020-இல் வெளியிட்ட ஆய்வில், ஆண்கள் ஆறு மாதம் துத்தநாகமும் ஃபோலிக் அமிலமும் சாப்பிட்டும் குழந்தைப்பேறு கூடவில்லை. வயிற்று உபாதைதான் கூடியது! மற்ற கலவைகளுக்கும் இதுவரை வலுவான சான்று இல்லை.

3. டப்பாவின் பின்பக்கம் உள்ள பொடி எழுத்தைப் படியுங்கள். நீங்கள் சேர்த்துச் சாப்பிடும் இரண்டு மாத்திரையிலும் செலினியம் இருந்தால் அளவு ஏறிவிடும். முடி கொட்டும், நகம் உடையும்.

4. பெண்கள் ரெட்டினால் வடிவ வைட்டமின் ஏ அதிகமுள்ளதைத் தவிருங்கள். கருவைப் பாதிக்கும்.

5. ஆனால் பெண்கள் ஃபோலிக் அமிலத்தை மட்டும் விடாதீர்கள், தினம் 400 மைக்ரோகிராம். இது கருத்தரிக்க வைப்பதற்கு அல்ல, சிசுவின் தண்டுவடக் குறைபாட்டைத் தடுக்க.

6. மருத்துவர் சொல்லி ஆண்கள் ஆன்டிஆக்ஸிடன்ட் மாத்திரை சாப்பிட்டால், மூன்று மாதம் கழித்து விந்துப் பரிசோதனை செய்யுங்கள். விந்தணு உருவாகவே சுமார் இரண்டரை மாதம் ஆகும். சிகரெட்டை இன்றே விடலாம். அதற்கு மருத்துவர் சீட்டு தேவையில்லை.