எழுதியது ஏட்டில் ஏறிற்றா?

2022ஆம் ஆண்டில் மத்திய அரசு 63,000 தொடக்க வேளாண்மைக் கடன் சங்கங்களைக் கணிப்பொறிமயமாக்கும் திட்டத்திற்கு இசைவளித்தது. பேரேட்டின் இடத்திற்குக் கணிப்பொறி வந்துவிட்டபின், அதன் போக்கை அங்கத்தினரும் அறிந்திருத்தல் அவசியம்.

சேர்வராயன் மலையில் கோடைமழை இடியோடு இறங்கும்போது மின்சாரம் சொல்லிக்கொண்டு போவதில்லை. ஏற்காட்டில் ஒருவர் நிறுத்துக் கொடுத்த மிளகின் எடையைச் சங்கக் கணக்கர் பதிகிறார் என்று வைத்துக்கொள்வோம். ‘சேமிக்கப்பட்டது’ என்கிறது திரை. அடுத்த நொடி விளக்கு அணைகிறது. அந்த எடை மிஞ்சியதா?

கையிலுள்ள சீட்டில் குறித்துக்கொண்டு, பிறகு பேரேட்டில் ஏற்றுவது பழைய வழக்கம். கணிப்பொறியும் அவ்வாறே செய்கிறது. எழுதச் சொன்னதை முதலில் தன் நினைவகத்தில் வாங்கிக்கொண்டு, ‘ஆயிற்று’ என்று விடை தருகிறது. லினக்ஸ் முறையில் அது வன்தட்டைச் சேர அரை நிமிடம்கூட ஆகலாம். வன்தட்டினுள்ளும் தற்காலிக நினைவகம் ஒன்று உண்டு. மின்சாரம் நின்றால் அதிலுள்ளதும் அழியக்கூடும்.

ஆகவே, எழுதிய கோப்பை உடனே திறந்து பார்ப்பது சோதனையாகாது. விடை நினைவகத்திலிருந்தே வரும். சீட்டைப் பார்த்துவிட்டுப் பேரேடு சரி என்பது போன்றதே அது.

முறையான வழி ‘எஃப்சிங்க்’ என்னும் கட்டளையாகும். தரவு வன்தட்டில் பதிந்ததென்ற விடை வரும்வரை அது நிரலைக் காத்திருக்கச் செய்யும். புதிய கோப்பாயின், அது அமைந்துள்ள கோப்புறைக்கும் இக்கட்டளையை இடவேண்டும். இன்றேல் கோப்பின் பெயரே காணாமற் போகலாம்.

விடை பிழையென வந்தால் என் செய்வது? லினக்ஸில் ஒருமுறை பிழை கூறிய கட்டளை, மறுமுறை கேட்டால், தரவு தொலைந்திருந்தும் ‘சரி’ எனக் கூறக்கூடும் என்பதைப் போஸ்ட்கிரஸ் தரவுத்தள வல்லுநர் 2018இல் கண்டனர். 2019 முதல் அத்தரவுத்தளம் இத்தகைய பிழை கண்டவுடன் நின்று, தன் முன்பதிவேட்டிலிருந்து கணக்கை மீட்டெடுக்கிறது. மீண்டும் கேட்டுத் தேறுதல் அடையாமல், மூலத்திலிருந்து திரும்ப எழுதுவதே நாம் கொள்ளவேண்டிய பாடம்.

சில வன்தட்டுகள் பதியாததையும் பதிந்ததாகக் கூறுவதுண்டு. உண்மைக் கணக்கு இல்லாத ஒரு கணிப்பொறியில் மாதிரிப் பதிவுகளை எழுதி, ‘சேமிக்கப்பட்டது’ என்றவுடன் மின் இணைப்பைத் துண்டித்து, மீண்டும் இயக்கி, ஒவ்வொன்றையும் சீட்டோடு ஒப்பிடுக. ஒரு பதிவு குறைந்தாலும் அந்த ஏற்பாட்டை நம்பலாகாது.

சங்கங்கள் நிரல் வாங்குமுன் இச்சோதனையைச் செய்து காட்டக் கேட்கவேண்டும். அங்கத்தினரோ, கணக்கு ஏறும்வரை எடைச்சீட்டைப் பத்திரமாக வைத்திருப்பாராக.