காலைக் கொடு, ராணி!

நஞ்சன்கூடு கபிலை ஆற்றங்கரை ஊர். இங்கிருந்து மைசூர் சுமார் 25 கிலோமீட்டர். மைசூரில் இன்றும் டாங்கா ஓடுகிறது. டாங்கா என்றால் குதிரை வண்டி. தசரா நாட்களில் டாங்காவில் ஏற வெளியூர் மக்கள் வருவார்கள்.

இது ஒரு வண்டிக்காரத் தம்பியின் கதை. அவர் கடன் வாங்கி ஒரு குதிரை வாங்கினார். அதன் பெயர் ராணி. ராணியின் குளம்பு நீளமாக வளர்ந்திருந்தது. அதனால் லேசாக நொண்டியது.

லாடம் அடிக்கும் பாய் வந்தார். பின்னங்காலைத் தொட்டார். ராணி துள்ளியது. உதைத்தது. தம்பிக்குக் கோபம் வந்தது. சாட்டையை எடுத்தார்.

"தம்பி, சாட்டையைக் கீழே போடுங்க" என்றார் பாய்.

"திமிர் பிடிச்ச குதிரை, பாய். நாலு அடி போட்டா அடங்கும்."

"இது திமிர் இல்லை. பயம். கண்ணில் வெள்ளை தெரியுது. உடம்பு நடுங்குது. ஆபத்து வந்தா குதிரை ஓடித்தான் தப்பிக்கும். நாம காலைப் பிடிச்சா ஓட முடியாது. அதுதான் பயம். இப்ப அடிச்சா, கால் தூக்கினாலே அடி விழும்னு நினைக்கும்."

"தசரா வருதே பாய்! கடன் இருக்கே!"

"நொண்டுற குதிரையை வண்டியில் பூட்டினா கடன் தீருமா? குதிரைதான் போகும். முதலில் மருத்துவரிடம் காட்டுங்க. வலி இருந்தாலும் காலைத் தர மாட்டாது. பிறகு தினமும் பழக்குங்க. நான் திரும்பி வரேன்."

பாய் சொல்லிக் கொடுத்த முறை இது:

1. குதிரைக்கு நேர் பின்னால் நிற்காதீர்கள். அங்கே நிற்பவரை அது பார்க்க முடியாது. பேசிக்கொண்டே தோள் பக்கமாக வாருங்கள்.

2. ஒருவர் கயிற்றைப் பிடிக்கட்டும். கயிற்றைக் கையில் சுற்றக் கூடாது. குளம்பு பார்ப்பவர் நிற்கும் பக்கமே அவரும் நிற்கட்டும்.

3. தோளில் தொடங்கித் தடவுங்கள். மெல்லக் கீழே வாருங்கள். நடுங்கினால் கையை அங்கேயே நிறுத்துங்கள். அமைதியானதும் தொடருங்கள்.

4. காலைக் கொஞ்சமாகத் தூக்குங்கள். மூன்று எண்ணுங்கள். அது இழுக்கும் முன்பே மெதுவாகக் கீழே வையுங்கள். தட்டிக் கொடுங்கள். நாளுக்கு நாள் நேரத்தைக் கூட்டுங்கள்.

5. தூக்கிய குளம்பைக் கையால் தட்டுங்கள். சுத்தியல் சத்தத்துக்கு அது பழகும்.

6. தரையில் உட்காராதீர்கள். முழங்கால் போடாதீர்கள். உதைத்தால் உடனே விலக வேண்டும்.

மருத்துவர் ராணியைப் பார்த்தார். காலில் புண் இல்லை. குளம்பு வளர்ந்ததுதான் காரணம் என்றார். தம்பி காலையும் மாலையும் பழக்கினார். முதல் நாள் ராணி ஒரு கால்கூடத் தரவில்லை. ஐந்தாம் நாள் முன்னங்காலைத் தந்தது. பத்தாம் நாள் பின்னங்காலையும் தந்தது.

பாய் மீண்டும் வந்தார். அன்று முன்னங்கால் இரண்டை மட்டும் சீவினார். "இன்று இது போதும்" என்றார். மறுநாள் பின்னங்கால்களைச் சீவி லாடம் அடித்தார். ராணி அமைதியாக நின்றது.

தசராவின் முதல் மூன்று நாள் தம்பிக்கு வருமானம் இல்லை. நான்காம் நாள் வண்டி பூட்டினார். ராணி நொண்டவில்லை. சாட்டை வீட்டிலேயே இருந்தது.

தெரிந்து கொள்ளுங்கள்

குதிரையின் குளம்பு மாதத்துக்குச் சுமார் ஒரு சென்டிமீட்டர் வளரும். 6 முதல் 8 வாரத்துக்கு ஒருமுறை சீவ வேண்டும். மிகவும் பயப்படும் குதிரைக்கு மயக்க மருந்து தேவைப்படலாம். அதை மருத்துவர்தான் தர வேண்டும். மிருகவதைத் தடுப்புச் சட்டம் 1960-இல் வந்தது. அதன்படி விலங்கைக் கொடுமையாக அடிப்பது குற்றம். நொண்டும் குதிரையிடம் வேலை வாங்குவதும் குற்றம்.

பதில் எழுதுங்கள்

1. ராணி ஏன் உதைத்தது?
2. தூக்கிய காலை எப்போது கீழே வைக்க வேண்டும்?
3. உங்கள் வீட்டு மாடோ ஆடோ எதற்குப் பயப்படுகிறது? நீங்கள் என்ன செய்வீர்கள்?