பச்சை முனைக்குத் துளையில்லாத பெட்டி

வீட்டில் 'வைஃபை பெட்டி' என்றும், கடையில் 'ரவுட்டர்' என்றும், லைன்மேன் வாயில் 'மோடம்' என்றும் வழங்கும் கருவி பார்வைக்கு ஒன்றாக இருந்தாலும், அதற்குள் மூன்று வேலைகள் நடக்கின்றன என்பதை அறியாமல் அதை மாற்றப் புறப்படுவது, எந்தப் பல் வலிக்கிறது என்று பாராமலே பிடுங்கச் சொல்வதற்கு ஒப்பாகும். ஒளியிழையில் வரும் ஒளித்துடிப்பை மின்குறியாக மாற்றுவது முதல் வேலை. இதைச் செய்யும் பகுதியை ஓ.என்.டி. என்பர், சிலர் ஓ.என்.யு. என்பர். வீட்டுக்கெனக் கிடைக்கும் ஒரே இணைய முகவரியைக் கைப்பேசி, தொலைக்காட்சி, மடிக்கணினி என எல்லாவற்றுக்கும் பங்கிட்டு, எந்தத் தகவல் எந்தக் கருவிக்குரியது என்று பிரித்தனுப்புவது இரண்டாம் வேலை. ரவுட்டர் என்னும் சொல் உண்மையில் இதற்கே உரியது. பிரித்ததை வானலையாக வீட்டுக்குள் பரப்புவது மூன்றாம் வேலை. வைஃபை என்பது அவ்வளவே. இம்மூன்றையும் ஒரே பிளாஸ்டிக் கூட்டுக்குள் அடைத்துக் கொடுப்பது இணைப்பு தருவோருக்கு வசதி. கூட்டில் ஒரு பகுதி நோயுற்றால் எது என்று கண்டறியும் பாடு மட்டும் வீட்டாருடையது.

இந்தக் குழப்பத்துக்கு ஒரு வரலாறும் உண்டு. பி.எஸ்.என்.எல். 2005இல் டேட்டாஒன் என்னும் பெயரில் அகலப்பட்டை இணைப்புத் தரத் தொடங்கியபோது, தொலைபேசிக்கு வந்த அதே செப்புக் கம்பியில் இணையமும் வந்தது. ஏ.டி.எஸ்.எல். எனப்பட்ட அம்முறையில், தொலைபேசித் துளையுள்ள எந்தப் பெட்டியை எந்தக் கடையில் வாங்கிச் செருகினாலும், பயனர்பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்தால் வேலை முடிந்தது. 2004ஆம் ஆண்டின் கொள்கைப்படி நொடிக்கு 256 கிலோபிட் வந்தாலே அது அகலப்பட்டைதான். 2023இல்தான் அந்தக் கீழ்வரம்பு 2 மெகாபிட் ஆனது. பின்னர் ஒளியிழை ஊராட்சிகள்வரை வந்தது: 2011இல் நடுவண் அமைச்சரவை ஒப்புதல் தந்த தேசிய ஒளியிழை வலையமைப்பு பாரத்நெட் எனப் பெயர் மாறியது, தமிழ்நாட்டில் டான்ஃபிநெட் நிறுவனம் 12,525 ஊராட்சிகளை இலக்காகக் கொண்டு அப்பணியை ஏற்றது, இவற்றோடு தனியாரும் உள்ளூர்க் கேபிள் நடத்துவோரும் கம்பி இழுத்தனர். கம்பி மாறிவிட்டது, மனம் மட்டும் 2005இலேயே நின்றுவிட்டது. நார்த்தாமலையில் வாழும் இக்கட்டுரையாளரின் மனமும் அப்படி நின்றவற்றுள் ஒன்று என்பதை மறைப்பதில் பயனில்லை.

அவ்வீட்டில் நேர்ந்தது இது. பங்குனியில் முத்துமாரியம்மன் திருவிழா நெருங்கி, வெளியூர் உறவினர் வரவிருந்த வேளையில், பழைய பெட்டியின் வைஃபை மாலைதோறும் அறுந்து அறுந்து வந்தது. கம்பி போட்ட நிறுவனத்தின் ஆள் வாசலில் நின்றபடியே "பெட்டி போயிருச்சுய்யா, புதுசா ஒண்ணு வாங்கிப் போட்டுருங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். திருவிழாவுக்கு வீட்டை வெள்ளையடித்து ஒழுங்கு செய்துகொண்டிருந்த நேரமாதலால், பெட்டி சுவரிலிருந்து கழற்றப்பட்டு, பழைய செய்தித்தாள்களோடு எடைக்குப் போயிற்று; அன்று மாலையே திருச்சியில் ஒரு கடையில் 3,400 ரூபாய்க்கு ஆறு கொம்புள்ள புதுப்பெட்டி வாங்கப்பட்டது. இரவில் பிரித்துப் பார்த்தபோது, சுவரிலிருந்து தொங்கிய மெல்லிய வெள்ளைக் கம்பியின் பச்சை முனையைச் செருக அதில் எங்கும் துளை இல்லை. அது கடையில் விற்கும் சாதாரண ரவுட்டர். இரண்டாம், மூன்றாம் வேலைகளைச் செவ்வனே செய்யும், முதல் வேலையை அறவே அறியாது. முதல் வேலையைச் செய்துகொண்டிருந்த பெட்டி அந்நேரம் கீரனூர்ப் பக்கம் ஏதோ ஒரு தராசில் இருந்திருக்கும்.

இதில் மனத்தை இன்றளவும் அரிப்பது பணமன்று. கழற்றுவதற்கு முந்தைய நாள்வரை, பழைய பெட்டியில் 'பான்' என்று குறித்த பச்சை விளக்கு அசையாமல் எரிந்தது. ஒளி வராவிட்டால் சிவப்பாக எரியவேண்டிய 'லாஸ்' விளக்கு அணைந்தே இருந்தது. மஞ்சள் கம்பி வழியே நேராக இணைத்திருந்த மேசைக்கணினி ஒருநாளும் தடங்கவில்லை. அதாவது, ஒளியை வாங்கும் பகுதியும் பங்கிடும் பகுதியும் நலமாக இருந்தன, வானலை பரப்பும் பகுதி மட்டுமே தளர்ந்திருந்தது என்பதற்கான சான்று மூன்றும் கண்முன்னேயே கிடந்தன. பழையதை இருந்த இடத்தில் விட்டு, அதன் பின்புறத் துளை ஒன்றிலிருந்து ஒரு கம்பி இழுத்து, புதிய ரவுட்டரை அதன்மேல் தொங்கவிட்டிருந்தால் பத்து நிமிட வேலை. மாறாக, ஒன்பது நாள் இணையமில்லை, தேர் நகர்ந்ததை வெளிநாட்டு உறவினருக்குக் காட்ட இயலவில்லை, வேறொரு ஓ.என்.டி.க்கு 1,600 ரூபாய் போயிற்று. எடைக்குப் போட்டது நிறுவனத்தின் உடைமை என்பதால் வைப்புத்தொகையும் திரும்பவில்லை. இணைப்பு வாங்கிய நாளில் தந்த ரசீதில் அது தெளிவாகவே எழுதியிருந்தது.

ஆகவே கடைக்குப் போகுமுன் செய்யத்தக்கது, நோயுற்ற பகுதி எது என்று காண்பதே. கம்பி வழிக் கணினி நன்றாக இயங்கி வைஃபை மட்டும் தடுமாறினால் வானலைப் பகுதியே குற்றவாளி. லாஸ் விளக்கு சிவந்தால் எத்தனை ஆயிரம் கொடுத்து எந்த ரவுட்டரை வாங்கினாலும் பயனில்லை; கம்பி எங்கோ மடங்கியோ அறுந்தோ கிடக்கிறது, அதற்கு லைன்மேன்தான் வரவேண்டும். வருபவரிடம் ஒளியளவுமானி இருக்கும், ஜி.பான் எனப்படும் பரவலான முறையில் வீட்டுப் பெட்டி பெறும் ஒளி கழித்தல் 8 முதல் கழித்தல் 27 டிபிஎம் என்னும் எல்லைக்குள் அமையவேண்டும், ஒவ்வொரு 3 இறக்கத்துக்கும் ஒளி பாதியாகிறது. கழித்தல் 20ஐ ஒட்டியிருந்தால் கவலையில்லை, 26ஐத் தொட்டால் அது பெட்டியின் குறையன்று. எண்ணைக் காட்டும்படி கேட்பது வீட்டாரின் உரிமை. வாசலில் நின்றபடி தீர்ப்புச் சொல்வோர் மானியைப் பையிலிருந்து எடுப்பதில்லை என்பதும் கருதத்தக்கது. பெட்டி அடிக்கடி தானே அணைந்து எரிந்தால் முதலில் ஐயுறவேண்டியது அடாப்டரை. பல நேரம் இறந்தது அதுவாகவே இருக்கும். ஆனால் 9 வோல்ட் பெட்டிக்கு 12 வோல்ட் அடாப்டரைச் செருகிப் பார்ப்பது சோதனையன்று, கொலை.

ஓ.என்.டி.யே இறந்துவிட்டதென்று உறுதியானால், அதைச் சந்தையில் தானாக வாங்கிவரும் ஆசையை அடக்குவது நன்று. ஒவ்வொரு ஓ.என்.டி.க்கும் ஒரு தொடர் எண் உண்டு. நிறுவனத்தின் நிலையத்திலுள்ள கருவியில் அவ்வெண் பதிவானால்தான் ஒளி கிடைத்தும் வழி கிடைக்கும். ஜி.பான், இ.பான் என இரு முறைகள் இருப்பதால் ஒன்றுக்குரியது மற்றொன்றில் பேசாது. முனையிலும் பச்சை, நீலம் என இரு வகையுண்டு. பச்சையின் கண்ணாடி முகம் 8 பாகை சாய்வாகத் தேய்க்கப்பட்டது, அதை நீலத்துக்குரிய துளையில் அழுத்தினால் இரு முகமும் சரியாகப் பொருந்தாமல் ஒளி சிதறும். இவற்றோடு பி.பி.பி.ஓ.ஈ. பயனர்பெயர், அதாவது நிலையத்தில் வீட்டை அடையாளம் காட்டும் பெயர், அதன் கடவுச்சொல், இணையத்துக்கென ஒதுக்கிய தடத்தைக் குறிக்கும் வி-லான் எண் ஆகிய மூன்றையும் பழைய பெட்டி உயிரோடிருக்கும்போதே ஒரு தாளில் எழுதி வைக்கவேண்டும். இவை எடைக்குப் போன பெட்டிக்குள் மட்டுமே இருந்தன என்பதும் அந்த ஒன்பது நாளுக்கு ஒரு காரணம். ஒளியிழையோடு தரைவழித் தொலைபேசியும் வைத்திருப்போர் மேலும் எச்சரிக்கையாக இருக்கவேண்டும், தொலைபேசி ஓ.என்.டி.யின் துளையில்தான் பேசுகிறது, அதை நீக்கினால் முதியவர்களின் உலகம் முதலில் அறுந்துபோகும்.

இனிச் சுவர். நகரங்களில் எழுதப்படும் அறிவுரைகள் பலவற்றில் சுவர் என்பது அரைச்செங்கல் கனமுள்ள ஒரு தடுப்பாகவே கருதப்படுகிறது; நார்த்தாமலையில் பழைய வீடு என்றால் ஒன்றரை அடிக் கருங்கல் சுவர் என்று பொருள். இவ்வூர் மேலமலையின் பாறையைக் குடைந்து 9ஆம் நூற்றாண்டில் பழியிலி ஈச்சரம் என்னும் கோயிலை எடுத்த முத்தரையர் காலத்துக் கல்தச்சருக்குக் கல்லின் குணம் தெரிந்திருந்தது. திருச்சிக் கடைக்காரருக்குத் தெரிய நியாயமில்லை. வைஃபைக்குப் பரவலாகப் பயன்படுவன 2.4 கிகாஹெர்ட்ஸ், 5 கிகாஹெர்ட்ஸ் என்னும் இரு அலைவரிசைகள். முன்னதன் அலைநீளம் சுமார் 12 சென்டிமீட்டர், பின்னதன் அலைநீளம் அதில் ஏறக்குறையப் பாதி. அதிர்வு கூடக்கூட வேகத்துக்கு இடம் கூடுகிறது, சுவரில் தோற்பதும் கூடுகிறது. இந்தியாவில் முன்னது 2005இலும், பின்னதில் 605 மெகாஹெர்ட்ஸ் அகலம் 2018இலும் உரிமம் தேவையற்றதாக அறிவிக்கப்பட்டன. சென்னை அடுக்ககத்தில் 2.4இல் அண்டை வீட்டுப் பெட்டிகள் முப்பது ஒரே நேரத்தில் கூச்சலிடுவதால் 5க்கு ஓடுகிறார்கள். நார்த்தாமலையில் கூச்சலிட ஆளில்லை. ஆகையால் 2.4ஐப் பழமை என்று இகழ்வது இங்கே பொருந்தாது. அதன் ஒன்று, ஆறு, பதினொன்று ஆகிய ஒன்றையொன்று மிதிக்காத தடங்களில் காலியான ஒன்றைப் பிடித்தால் அடுப்படிவரை எட்டும். 5 நடுக்கூடத்திலேயே நின்றுவிடும்.

கொம்பு பற்றியும் ஒரு சொல். ஆறு கொம்புப் பெட்டியை வாங்கச் செய்தது இல்லாளின் தம்பி; "மச்சான், கொம்பு கூடக்கூட தூரம் கூடும்" என்பது அவர் வாக்கு. பெட்டி எவ்வளவு உரக்கப் பேசலாம் என்பதற்குச் சட்டம் வரம்பு வைத்திருக்கிறது; அதைவிட முக்கியமாக, எதிர்முனையில் பதில் சொல்வது கைக்குள் அடங்கும் கைப்பேசி, அதன் குரல் மெல்லியது. பெட்டி கத்துவது கைப்பேசிக்குக் கேட்கும், கைப்பேசி சொல்வது பெட்டிக்குக் கேட்காது. திரையில் கோடு நிறைந்திருந்தும் பக்கம் திறக்காமல் சுழல்வது இதனால்தான். மேலுறையில் அச்சிடும் ஏசி1200 போன்ற எண்களும் இவ்வாறே ஏமாற்றுவன: 2.4இன் 300ஐயும் 5இன் 867ஐயும் கூட்டி, முழுமையாக்கிய தொகை அது. எந்தக் கைப்பேசிக்கும் அவ்வேகம் ஒருசேரக் கிடைப்பதில்லை. அந்த எண்ணை விட்டுவிட்டு, பின்புறக் கம்பித் துளை நூறு மெகாபிட்டா, ஆயிரம் மெகாபிட்டா என்று கேட்கவேண்டும். நூறு என்றால் முந்நூறு மெகாபிட் திட்டத்துக்குக் கட்டும் பணத்தில் பெரும்பகுதி அத்துளையிலேயே நின்றுவிடும். உறையில் 'மோடம் ரவுட்டர்' என்று எழுதியிருந்தால் அது பெரும்பாலும் செப்புக் கம்பிக் காலத்துச் சரக்கு. விலை மலிவாக இருப்பதன் காரணமும் அதுவே.

அப்படியானால் கருங்கல் வீட்டுக்கு எது தகும் என்ற கேள்விக்கு, இரண்டு எளிய பெட்டிகளும் நடுவே ஒரு கம்பியும் என்பதே விடை. இடையில் நின்று அலையை வாங்கி மீண்டும் பரப்பும் ரிப்பீட்டர், ஒரே அலைவரிசையில் கேட்பதும் சொல்வதுமாக இருப்பதால் வேகத்தில் பாதியை விழுங்கும். பல பெட்டிகள் தமக்குள் வானலையில் பேசிக்கொள்ளும் மெஷ் முறையும், நடுவில் கருங்கல் இருந்தால் அதே சுவரில்தான் முட்டும், விலையோ பல மடங்கு. கேட்-5ஈ வகைக் கம்பி 100 மீட்டர்வரை வேகம் குறையாமல் கொண்டுபோகும்; அலுமினியத்தின்மேல் செம்பு பூசியதை விடுத்து முழுச்செம்பு கேட்டு வாங்கி, அணில் கடிக்காதபடி குழாய்க்குள் விட்டு, தாழ்வாரத்தை ஒட்டிப் பின்கட்டுக்கு இழுத்துவிடவேண்டும். இழுக்க மனமில்லையெனில், பழைய வீடுகளில் தலைவாசலும் கொல்லைவாசலும் ஒரே கோட்டில் அமைந்திருப்பதைப் பயன்படுத்திக்கொள்ளலாம். பெட்டியை மூலையலமாரிக்குள் ஒளிக்காமல், அக்கோட்டைப் பார்க்குமாறு ஆளுயரத்தில் மாட்டினால் அலை கதவு வழியே நடந்துபோகும்.

அமைப்பு வேலைகளில் சொல்ல அதிகமில்லை. இரண்டாம் பெட்டியை 'அக்சஸ் பாயின்ட்' முறைக்கு, அதாவது பங்கிடும் வேலையை முதற்பெட்டிக்கே விட்டு வானலை மட்டும் பரப்பும் நிலைக்கு மாற்றி, இரண்டுக்கும் ஒரே பெயரும் கடவுச்சொல்லும் வைத்து, பாதுகாப்பை டபிள்யூபிஏ2 அல்லது 3 என அமைத்து, பெட்டியோடு வந்த நிர்வாகக் கடவுச்சொல்லை அன்றே மாற்றினால் போதும். ஒளியிழை மின்னலைக் கடத்தாது என்று நம்பி ஐப்பசி இடியில் அலட்சியமாக இருப்போர், அதைத் தாங்கும் எஃகுக் கம்பியும் அடாப்டர் செருகிய மின்துளையும் கடத்தக்கூடியவை என்பதை நினைவில் கொள்ளவேண்டும். மின்தடைக்கு 12 வோல்ட் சிறு யு.பி.எஸ். ஒன்று ஓ.என்.டி.க்கு வாங்குவது, ரவுட்டருக்கு வாங்குவதைவிட முக்கியமானது. முதற்பெட்டி அணைந்தபின் இரண்டாவது எரிந்து என்ன பயன்?

கட்டுரையாளரின் வீட்டில் இப்போது முன்கட்டில் புதிய ஓ.என்.டி.யும், இருபது மீட்டர் கம்பியின் மறுமுனையில் பின்கட்டுத் தாழ்வாரத்தில் அந்த ஆறு கொம்புப் பெட்டியும் இருக்கின்றன. அடுப்படியில் படம் தடங்காமல் ஓடுவதற்குக் கம்பியே காரணம் என்று எத்தனை முறை விளக்கினாலும், அடுத்த திருவிழாவுக்கு வந்த மைத்துனர் தாழ்வாரத்தை அண்ணாந்து பார்த்து, கொம்புகளை ஒவ்வொன்றாக எண்ணிவிட்டுத்தான் பந்திக்கு உட்கார்ந்தார்.