பெட்டி மாட்டினால் குருவி வருமா?

கேள்வி: வீட்டுத் தோட்டத்தில் கூடுப்பெட்டி மாட்டி, அதில் சின்னச் சின்ன ஓவியங்களும் தீட்டி, தட்டில் தானியமும் வைத்தேன். ஒரு கொண்டைக்குருவிகூட குடிவரவில்லையே?

பதில்: வராது. கொண்டைக்குருவி புதர்க்கிளையில் கிண்ணம்போலக் கூடு கட்டும். தையல்சிட்டு இலையைத் தைத்துக்கொள்ளும். தேன்சிட்டு பைபோலத் தொங்கவிடும். பெட்டி என்பது பொந்து தேடும் சிட்டுக்குருவி, குண்டுகரிச்சான் போன்றவற்றுக்கே. சிட்டுக்குருவிக்கு 32 மி.மீ. துளை போதும், அதில் மைனா நுழையாது. துளைக்குக் கீழே குச்சி வைக்காதீர்கள், காகம் உட்கார வசதியாகிவிடும். ஓவியம் வெளிப்பக்கம் மட்டும், மங்கலான நிறத்தில் இருக்கட்டும். உள்ளே வண்ணமே வேண்டாம்.

ஆகவே பெட்டியைவிடச் செடிக்கே முதலிடம் என்பேன். தீனி வைத்தால் போதாதா என்று கேட்கலாம். கம்பும் நொய்யரிசியும் வளர்ந்த சிட்டுக்குருவியின் வயிற்றை நிரப்பும். குஞ்சுக்கு அது ஊட்டுவது பெரும்பாலும் புழுபூச்சிதான். பூச்சிமருந்து அடித்த தோட்டத்தில் தட்டு நிறையத் தானியம் இருந்தும் குஞ்சு பட்டினி கிடக்கும். அப்படியானால் பெட்டி வீணா? இல்லை. ஓட்டு இடுக்குகள் மறைந்து கான்கிரீட் வீடுகள் பெருகிய தெருவில், சிட்டுக்குருவிக்கு அது நல்ல மாற்று. இடமில்லாத மாடிவீட்டிலும் தொட்டியில் ஒரு செம்பருத்தி வைத்தால் தேன்சிட்டு எட்டிப்பார்க்கும். நிலம் இருந்தால் மருதாணி வேலியை அடர்த்தியாக விடுங்கள். ஆழமில்லாத மண்தட்டில் தினமும் தண்ணீர் மாற்றுங்கள். தூரிகையைக் காகிதத்துக்கு மாற்றிக்கொண்டு, வருகிற பறவையை வரையுங்கள். கொண்டைக்குருவியின் வாலடிச் சிவப்பு, வரைய உட்காரும்போதுதான் பலர் கண்ணில் படுகிறது.